ஆழ்கடலில் தூண்டில் தைக்கும் கைகளுக்காக ஒரு திறந்த மடல்

மீன்வளத் துறையிலும் மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்போருக்கு,

ஆழ்கடலுக்குச் செல்லும் தூண்டில் படகுகளில் முதலுதவி தெரிந்த ஒருவராவது இருக்க வழிசெய்யுங்கள் என்று எங்கள் பகுதித் தொழிலாளர்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. படகில் மருந்துப் பெட்டி வைத்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்றும், பயிற்சிக்கெனத் தனித் திட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை என்றும் இரண்டே வரிகள். மனுவோடு இணைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்றுகளைப் பற்றியோ, விரல் மடங்காமல் வீட்டில் இருப்பவர்களைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தூண்டில் தொழிலாளியின் மகள், தூண்டில் தொழிலாளியின் மனைவி. அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உங்கள் இரு துறைகளும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது என்பதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலிருந்து கேரள எல்லைவரை வரிசையாக இருக்கும் எட்டு ஊர்களின் ஆண்களில் பெரும்பாலோர் சுறாவும் சூரையும் கேரையும் தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ புறப்படும் ஒரு படகு, லட்சத்தீவையும் தாண்டிப் போய், வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்துவிட்டுத் திரும்பும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் தாய்க்கயிறு, அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொரு கிளையின் முனையிலும் இரை கோத்த தூண்டில் என்று ஆயிரங்கால் தூண்டிலின் அமைப்பு இருக்கிறது. ஒருமுறை போட்டு எடுப்பதற்குள் நூற்றுக்கணக்கான தூண்டில்கள் இவர்களின் கைகளைக் கடந்து போகின்றன. இரவிலும், மழையிலும், தூக்கம் போதாத நிலையிலும், ஆடிக்கொண்டே இருக்கும் தளத்தில் நின்று செய்யும் வேலை இது. இதில் கை காயப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

காயம் ஏற்படும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது புரியாததால்தான் இதை எல்லாத் தொழிலிலும் உள்ள சிறு காயங்களில் ஒன்றாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கருதுகிறேன். கயிற்றைக் கடலில் விடும்போது படகு ஓடிக்கொண்டே இருக்கும். கயிறு தளத்திலிருந்து உருவிக்கொண்டு போகும். ஒரு தூண்டில் சட்டையிலோ தோலிலோ மாட்டினால் ஆளையே பின்பக்கமாக இழுத்துச் செல்லும். கயிற்றை எடுக்கும்போது ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். படகின் ஓரத்துக்கு வந்துவிட்ட மீன் கடைசி மூச்சில் தலையை உதறும். அதன் வாயிலிருந்து விடுபட்ட தூண்டில், இறுகி நிற்கும் தங்கூஸ் என்னும் நைலான் இழையின் விசையோடு, அதைப் பிடித்திருப்பவரின் உள்ளங்கையிலோ முழங்கையிலோ முகத்திலோ பாயும். மீன் இன்னும் தூண்டிலிலேயே இருந்து, கிளைக்கயிற்றில் சிக்கிய வேறொரு தூண்டில் கையில் தைத்துவிட்டால், ஒரு பக்கம் மனிதனும் மறுபக்கம் மீனுமாக இழுபறி நடக்கும். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கைக்கும் மீனுக்கும் இடையே உள்ள தங்கூஸை வெட்டிவிட வேண்டும். அதற்குக் கூரான கத்தி ஒன்று, எடுப்பவர்கள் ஒவ்வொருவரின் கையெட்டும் தூரத்தில், உறையோடு கட்டியிருக்க வேண்டும். எத்தனையோ படகுகளில் அந்தக் கத்தி சமையல் செய்யும் இடத்தில்தான் இருக்கிறது.

தூண்டிலின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறு முள் ஒன்று உண்டு. மீன் கழன்று போகாமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தது அது. மனிதக் கையிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. நுழைந்த வழியிலேயே திருப்பி இழுத்தால், அந்த எதிர்முள் சதையையும், அருகில் இருந்தால் நரம்பையும் தசைநாணையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். வலியில் துடிப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளுக்கோ முதலில் தோன்றுவது இழுத்து எடுப்பதுதான். எஞ்சின் அறையிலிருந்து பிளேயரைக் கொண்டுவந்து இழுக்கிறார்கள். இரத்தம் நிற்கக் காப்பித்தூளையும் புகையிலையையும் அடைக்கிறார்கள். சிலர் டீசலை ஊற்றுகிறார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. அன்பால் செய்கிறார்கள், வேறெதுவும் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

இந்த மடலை எழுத வைத்த நிகழ்ச்சியைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயரைத் தவிர்த்துக் குறிப்பிடுகிறேன். முப்பது வயதுகூட ஆகாத இளைஞர் ஒருவருக்கு, கேரை ஒன்றைத் தூக்கும்போது வலக் கட்டைவிரலின் அடிச்சதையில் தூண்டில் ஏறியது. தங்கூஸை வெட்டுவதற்குள் வளைவுவரை உள்ளே போய்விட்டது. பிளேயரால் இரண்டு பேர் இழுத்து எடுத்தார்கள். துணியைக் கட்டி, வலி மாத்திரை கொடுத்து, ஒரு நாள் ஓய்வும் கொடுத்தார்கள். மறுநாள் மணிக்கட்டுவரை வீங்கியது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது. கரைக்கு வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. கொச்சியில் இறங்கி மருத்துவமனைக்குப் போனபோது, உள்ளங்கைக்குள் சீழ் தேங்கி, கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அழுகத் தொடங்கியிருந்தது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள், விரலின் அசைவைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அந்தக் கட்டைவிரல் நீட்டியபடியே நிற்கிறது. கட்டைவிரல் மடங்காத கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது. அவருடைய மனைவி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். மனுவோடு இணைத்த சான்றுகளில் ஒன்று இவருடையது.

அந்தத் தூண்டில் அவரைத் தைத்ததை யாரும் தடுத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றையும் தடுத்திருக்கலாம் என்பதே என் வாதம்.

கரையில் எங்களிடம் வரும் சிறு தூண்டில் காயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அலைத்தடுப்புக் கற்களில் நின்று தூண்டில் போடும் சிறுவர்கள், கடற்கரை மணலில் கிடக்கும் பழைய தூண்டிலை மிதித்துவிட்ட பெண்கள், வலை பிரிக்கும்போது குத்திக்கொண்ட முதியவர்கள் என்று பலர் வருவார்கள். தோலின் மேல்மட்டத்தில் தைத்த சிறு தூண்டிலை எடுக்க ஒரு முழ நூல் போதும். தூண்டிலின் வளைவில் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் விரலில் இறுக்கிக்கொள்ள வேண்டும். மறுகையின் விரலால் தூண்டிலின் தண்டைத் தோலோடு சேர்த்து அழுத்தினால் உள்ளே எதிர்முள் சதையிலிருந்து விடுபடும். விடுபட்ட நிலையில், தோலுக்கு இணையாக, தண்டின் திசைக்கு நேராக, தயங்காமல் ஒரே வெட்டாக நூலை இழுக்க வேண்டும். தூண்டில் வந்த வழியே வெளியே வந்துவிடும். பறந்து வரும் தூண்டில் யார் கண்ணிலும் படாதபடி எதிரே நிற்பவர்களை விலக்கிவிட வேண்டும். மரத்துப்போகும் ஊசிகூடப் பல நேரங்களில் தேவைப்படாது. 1961ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதப்பட்டு, இன்று உலகெங்கும் மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறை இது. முன்கையில் தூண்டில் தைத்து அழுதுகொண்டே வந்த ஒரு சிறுவன், நான் நூலைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, "எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டான்; அதற்குள் தூண்டில் தரையில் கிடந்தது. இதைக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்றுக்கொள்ளலாம். அசையாமல் நிற்காத காது மடல் போன்ற இடங்களில் இம்முறை கூடாது. மூன்று முள் கொண்ட தூண்டிலாக இருந்தால் தைக்காத மற்ற இரண்டையும் முதலில் வெட்டியோ துணி சுற்றியோ அடக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் எச்சரிக்கைகள்.

சூரைக்கும் சுறாவுக்கும் போடும் பெரிய தூண்டில் வேறு கதை. அதன் கம்பி தடித்தது, எதிர்முள்ளும் பெரிது. நூலால் இழுத்து எடுக்கும் காரியமல்ல. மருத்துவர்கள் இடத்தை மரக்கச் செய்துவிட்டு, முனையை மேலும் முன்னோக்கித் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை வெட்டி நீக்கிய பிறகு, மீதித் தண்டை வந்த வழியே உருவுவார்கள். படகில் உள்ள சாதாரண கட்டிங் பிளேயரால் அந்தக் கம்பியை வெட்ட முடியாது; போல்ட் கட்டர் வேண்டும். தசைநாணும் இரத்தக்குழாயும் நெருங்கிக் கிடக்கும் மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் இதைப் பயிற்சியில்லாதவர் செய்வது ஆபத்து. ஆகவே பெரிய தூண்டில் ஆழமாகத் தைத்தால், படகில் உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியவை மூன்றே. கயிற்றை வெட்ட வேண்டும். வெளியே நிற்கும் தூண்டில் அசையாதபடி துணி வைத்துக் கட்ட வேண்டும். விரல் நுனிகள் வெளுத்திருக்கின்றனவா, தொட்டால் உணர்கின்றனவா, மடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு என்ன செய்வது என்பதை ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு நாளில் கரையை அடையக்கூடிய படகு தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு வரலாம். பத்து நாள் தொலைவில் இருக்கும் படகுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அழுக்கான இரும்பைச் சதைக்குள் அத்தனை நாள் வைத்திருக்க முடியாது, எடுக்கவும் தெரியாது. இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் கைவிடப்பட்டு நிற்கிறார்கள்.

கண்ணில் தைத்தால் எந்த நிலையிலும் யாரும் எடுக்கக் கூடாது. தூண்டிலைத் தொடாமல், கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையையோ நெகிழிக் கோப்பையையோ அதன் மேல் கவிழ்த்து ஒட்டி, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கண் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டியவர்கள் நல்லதைச் செய்வதாகவே நம்பினார்கள். அந்த அழுத்தத்தில் கண்ணின் உள்ளிருப்பவை வெளியேறிவிடக்கூடும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

தூண்டில் காயத்தில் பார்வைக்குத் தெரியும் துளை சிறிது, அதனால் ஏமாந்துபோகிறோம். சாளையிலும் கணவாயிலும் குத்தி எடுத்து, மீனின் வாய்க்குள் போய்வந்த முனை அது. கடல்நீரிலும் மீனிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதன் வழியே ஆழத்தில் விதைக்கப்படுகின்றன. அவற்றில் விப்ரியோ வகையைச் சேர்ந்த ஒன்று, கல்லீரல் பழுதானவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஓரிரு நாளிலேயே கையை எடுக்க வேண்டிய நிலையையும், உயிருக்கே ஆபத்தையும் கொண்டுவரும். இன்னொரு வகை வாரங்கள் கழித்து, ஆறாத கட்டிகளாக விரல்களில் எழும்பும். மீனைத் தொட்டு வேலை செய்கிறவர் என்று சொன்னால்தான் மருத்துவருக்கே அது பற்றிய எண்ணம் வரும். எங்கள் ஊர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே சர்க்கரை நோய் சாதாரணமாகிவிட்டது. கடலுக்குப் போகும் நாட்களில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவோர் குறைவு. சிவப்பு பரவுவது, வலி காயத்தின் அளவுக்கு மீறிக் கூடுவது, கருநிறக் கொப்புளம் எழுவது ஆகியவற்றைக் கண்டால் பிடிக்க வேண்டிய மீனை மறந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற அறிவு படகோட்டும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். திருக்கை முள்ளுக்கும் கெளுத்தி முள்ளுக்கும் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருப்பது வலியைக் குறைக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அது முள்ளின் நஞ்சுக்கானது. அதே மருத்துவத்தைத் தூண்டில் காயத்துக்கும் செய்துவிட்டு, சரியாகிவிடும் என்று காத்திருப்போர் உண்டு. தூண்டில் துளைக்கு வேண்டியது சோப்பும் நிறைய நல்ல தண்ணீரும், தைத்து மூடாமல் திறந்துவிட்ட காயம், டெட்டனஸ் தடுப்பூசி. படகில் குடிநீரை அளந்து செலவழிக்கிறார்கள் என்பதால் காயத்தைக் கடல்நீரில் கழுவி முடித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

படகு ஏன் உடனே திரும்புவதில்லை என்று உங்களில் ஒருவர் என்னிடம் ஒருமுறை கேட்டார். டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் இரைக்கும் உணவுக்குமாக லட்சக்கணக்கில் கடன் வாங்கித்தான் ஒரு படகு புறப்படுகிறது. செலவு போக மிஞ்சுவதைப் பங்கு பிரிக்கும் தொழில் இது. மாதச் சம்பளம் யாருக்கும் கிடையாது. பாதியில் திரும்பினால் அத்தனை பேரின் வீட்டிலும் அந்த மாதம் அடுப்பெரிவது கடனில்தான். காயம்பட்டவர்தான் எல்லோருக்கும் முந்தி, "பரவாயில்லை, போடுங்கள் கயிற்றை" என்று சொல்கிறார். அவர் அப்படிச் சொல்வதைத் துணிவு என்று பாராட்ட எனக்கு மனமில்லை. கூட்டாளிகளுக்குத் தன்னால் நட்டம் வந்துவிடக் கூடாதென்ற அச்சம் அது. திரும்ப வேண்டிய காயம் எது, திரும்பத் தேவையில்லாத காயம் எது என்று ஒரு மருத்துவர் தீர்த்துச் சொன்னால், அந்தச் சுமை காயம்பட்டவரின் தலையிலிருந்தும் இறங்கும், படகோட்டியின் தலையிலிருந்தும் இறங்கும்.

அதற்கு வழி இல்லையென்று இனிச் சொல்ல முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் ஊர்களைச் சூறையாடிய பிறகு, கரையோடு பேச முடியாத படகுகளின் நிலை நாடறிந்தது. வி.எச்.எஃப் வானொலிக் கருவி சில பத்து கடல்மைல்களுக்கு மேல் எட்டாது என்பதால் செயற்கைக்கோள் வழிக் கருவிகள் வரத் தொடங்கின. இருவழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை நாடெங்கும் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் இருக்கிறது. நிலத்தில் உள்ள கிராமத்தவருக்குத் தொலைவிலிருந்து மருத்துவர் ஆலோசனை தரும் இ-சஞ்சீவனி இருக்கிறது. கருவி ஒரு துறையிடம், மருத்துவர் இன்னொரு துறையிடம். இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு மட்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. கடலில் இருப்பவருக்குக் கரையிலிருந்து மருத்துவம் சொல்லும் சேவை புதிய கற்பனையும் அல்ல. இத்தாலியில் 1935இல் தொடங்கப்பட்ட ஒரு மையம் இன்றுவரை எந்த நாட்டுக் கப்பலில் இருப்போருக்கும் வானொலி வழியாகவும் தொலைபேசி வழியாகவும் கட்டணமின்றி மருத்துவ ஆலோசனை தந்துவருகிறது. தொண்ணூறு ஆண்டுகளாக ரோம் நகரிலிருந்து முடிந்துவரும் காரியம், நாகர்கோவிலிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏன் முடியாது?

உரிமையாளரின் பொறுப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007இல் நிறைவேற்றிய மீன்பிடித் தொழில் உடன்படிக்கை, 188ஆம் எண் கொண்டது, 2017 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒக்கி அடித்ததற்கு இரண்டு வாரம் முன்பு. அதன் 29ஆம் பிரிவு சொல்வது இது: படகில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும், போகும் இடத்துக்கும், பயண நாட்களுக்கும் ஏற்ற மருந்துகள் இருக்க வேண்டும். முதலுதவியில் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். மருந்துகளுக்கான விளக்கம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கரையிலுள்ள மருத்துவரோடு பேச வசதி வேண்டும். கடுமையாகக் காயமடைந்தவர் காலத்தோடு கரை சேர்க்கப்பட வேண்டும். இவற்றை உறுதிசெய்யும் சட்டங்களை இயற்றும் கடமையை அது அரசுகளின் மீதே வைக்கிறது. ஆசியாவில் தாய்லாந்து 2019இல் அதை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. உரிமையாளர்கள் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் உரிமையாளர் என்பவர் பெரும்பாலும் அதே படகில் கயிறு இழுப்பவர். பலர் சேர்ந்து கடன்பட்டு வாங்கிய படகு அது. எதை வாங்கிவைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. உயிர்காப்பு மிதவையும் மேலங்கியும் இல்லாமல் போகக் கூடாதென்று விதி செய்து, மானியமும் தந்து, ஆய்வும் செய்கிற நீங்கள், மருந்துப் பெட்டி என்று வரும்போது மட்டும் விலகி நிற்பதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

கரையிலும் நிலைமை நல்லதாக இல்லை. கையில் தூண்டிலோடு இரவில் வந்திறங்கிய ஒருவர், மரத்துப்போகும் மருந்து இல்லையென்று ஒரு மருத்துவ நிலையத்திலும், அறுவை மருத்துவர் காலையில்தான் வருவார் என்று அடுத்த இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்டு, விடியும்போது மூன்றாவது இடத்தில் சேர்ந்ததை நான் அறிவேன். எந்த இடம் என்று சொல்லி யாரையும் தண்டிக்கச் செய்வது என் நோக்கமல்ல. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்துப் புட்டி ஒன்றும், ஊசியும், வலுவான கம்பி வெட்டியும், இதைச் செய்யத் தெரிந்த ஒருவரும் துறைமுகத்தை அடுத்த ஒவ்வொரு நிலையத்திலும் எந்நேரமும் இருந்தால் போதும்.

இந்தக் காயங்கள் உங்கள் கணக்கில் வராததற்கும் ஒரு காரணம் உண்டு. நான் பணியில் இருந்தவரை, புறநோயாளர் பதிவேட்டில் இவை வெறும் "காயம்" என்றோ "கையில் சீழ்" என்றோதான் எழுதப்பட்டன. படிவத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை. எத்தனை பேருக்குத் தூண்டில் தைத்தது, எத்தனை பேர் தாமதமாக வந்தார்கள், எத்தனை பேர் விரல் இழந்தார்கள் என்று கேட்டால் உங்களிடம் விடை இருக்காது. எங்கள் வீடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் மடங்காத விரலோடு ஒருவர் இருக்கிறார்.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய் என்று இருக்கிறது. மூன்று மாதம் கை பிடிக்காமல் பங்கு இழந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. கட்டைவிரல் மடங்காததை ஊனம் என்று மெய்ப்பிப்பதற்குள் குடும்பம் ஓய்ந்துவிடுகிறது. கொச்சியில் இறங்கி மருத்துவம் பார்த்தவர்கள் நகையை அடகு வைத்துத்தான் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் செலவை எங்கே கேட்பது என்று அவர்களுக்கு யாரும் வழிகாட்டவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையான தடைக்காலத்தில் படகுகள் கரையில் இருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அந்த 61 நாட்களுக்குள், எட்டு ஊர்களிலும் ஒவ்வொரு படகிலிருந்தும் குறைந்தது இரண்டு பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். அலுவலகக் கூட்டரங்கில் படம் காட்டி அனுப்பிவிடாமல், ஊரின் பொதுக்கூடத்தில், செவிலியர்களைக் கொண்டு, கோழித் தொடையில் தூண்டிலைக் குத்திக் கொடுத்து அவர்களையே எடுக்கச் செய்து பழக்குங்கள். எந்தக் காயத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறியச் சொல்லிக் கொடுப்பதே அதில் முதன்மையாக இருக்கட்டும். ஓய்வு பெற்ற செவிலியர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறோம்; ஊதியமின்றி வந்து கற்றுக்கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன், என்னோடு வர இன்னும் சிலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதே முகாமில் அனைவருக்கும் டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசியின் ஊக்கத் தவணையைப் போட்டு, தேதியை அட்டையில் எழுதிக் கொடுங்கள்; சர்க்கரை அளவையும் பாருங்கள்.

தடைக்காலத்தில் நீங்கள் நடத்தும் படகு ஆய்வில், உயிர்காப்பு மேலங்கியைப் போலவே மருந்துப் பெட்டியையும் ஓர் இனமாகச் சேருங்கள். போல்ட் கட்டர், உறையுள்ள கத்திகள், கண்ணாடி போன்ற கண்காப்பு, கண்ணை மூடும் கோப்பை, சோப்பு, கிருமிநாசினி, சுத்தமான கட்டுத்துணி, காயம் கழுவத் தனியாக முத்திரையிட்ட நல்ல தண்ணீர், வலி மாத்திரை, மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகள், நனைந்தாலும் கிழியாத தாளில் தமிழில் படத்தோடு அச்சிட்ட விளக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். முதல் முறை மானியத்தில் கொடுங்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் நிரப்பிக்கொள்வதை உரிமையாளரின் கடமையாக்குங்கள். அந்த விதியை நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

இரு துறைகளும் சேர்ந்து, கடலில் இருப்போருக்கென எந்நேரமும் தமிழில் பேசும் மருத்துவர் ஒருவரை அமர்த்துங்கள். டிரான்ஸ்பாண்டர் வழியாகவோ செயற்கைக்கோள் தொலைபேசி வழியாகவோ வரும் செய்தி அவருக்கு நேராகப் போகட்டும். ஆளை அழைத்து வர வேண்டும் என்று அவர் தீர்மானித்தால், கடலோரக் காவல்படையிடம் அவரே பேசட்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை அடுத்த ஏதேனும் ஒரு சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் தூண்டில் எடுக்கும் வசதியை உறுதிசெய்து, எந்த நிலையம் என்று துறைமுகத்தில் பலகை வையுங்கள்.

பதிவேட்டில் தூண்டில் காயத்துக்கெனத் தனி இடம் ஒதுக்குங்கள். காயம்பட்ட நேரம், எடுத்த முறை, கரை சேர்ந்த நேரம் ஆகிய மூன்றும் எழுதப்படட்டும். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை வெளியிடுங்கள். காயத்தால் தொழிலுக்குப் போக முடியாத மாதங்களுக்கு உதவித்தொகை தரவும், கேரளத்தில் பார்த்த அவசர மருத்துவத்தின் செலவைத் திருப்பித் தரவும் காப்பீட்டு விதிகளைத் திருத்துங்கள். 188ஆம் உடன்படிக்கையை ஏற்கும்படி ஒன்றிய அரசுக்கு மாநில அரசின் பரிந்துரையை எழுத்தில் அனுப்புங்கள்.

எங்கள் தொழிலாளர்களுக்கு அனுப்பப்பட்ட அந்த இரண்டு வரிப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மேற்கண்டவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்று மனு கொடுத்தவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த தடைக்காலம் தொடங்கும் ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பே அந்தப் பதில் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தூத்தூர் வட்டாரக் கடலோரம், கன்னியாகுமரி மாவட்டம்